எண் ஏறிய பெயர்கள்

"செம்பொன்பதின்றொடி" என்பது தமிழிலக்கண ஆசிரியர்கள் தொன்றுதொட்டுக் காட்டிவரும் ஓர் எடுத்துக்காட்டு. தொடி என்பது பழைய நிறுத்தலளவு. செம்பொன் பதின்றொடி என்று பிரித்தால் பொன்னில் பத்துத் தொடி கிடைக்கும். செம்பு ஒன்பதின்றொடி என்று பிரித்தாலோ செம்பில் ஒன்பது தொடிதான் கிடைக்கும். எழுத்துகள் ஒன்றே, பிரிக்கும் இடம் மாறிற்று, பொருளும் மாறிற்று, எண்ணும் மாறிற்று. வாய்விட்டுச் சொல்லும்போது எங்கே நிறுத்துகிறோம் என்பதைக் கொண்டு கேட்பவர் பொருளை அறிந்துகொள்வார். எழுதி வைத்துவிட்டால் அந்த உதவியும் இல்லை.

பெயரோடு எண்ணைச் சேர்த்து எழுதுவதும், சேர்த்த எண்ணைப் பின்னர்ப் பிரித்தெடுப்பதும் இன்று கணிப்பொறியில் நாள்தோறும் நடக்கும் வேலை. அவ்வேலையைச் சி என்னும் நிரல்மொழியில் எவ்வாறு பிழையின்றிச் செய்வது என்பதே இன்று நான் சொல்ல வந்தது. நான் கணிப்பொறி வல்லுநன் அல்லேன். ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியில் பாடம் சொல்லி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். இதைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி ஒன்றே: இதில் ஒருமுறை தவறினேன். அந்தக் கதையைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றி இரண்டு சொல். நான் வாழும் மணிமங்கலம் தாம்பரத்துக்கு மேற்கே உள்ளது. பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் சளுக்கியப் புலிகேசியை வென்ற போர்க்களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு இவ்வூரைக் குறிக்கிறது. இங்குள்ள இராசகோபாலப் பெருமாள் கோயிற் சுவர்களில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் வரிசையின் மூன்றாந் தொகுதியில், 1899-ஆம் ஆண்டு வெளிவந்த முதற்பகுதியில், உக்கல், மேல்பாடி, கருவூர், திருவல்லம் ஆகிய ஊர்க் கல்வெட்டுகளோடு மணிமங்கலத்துக் கல்வெட்டுகளையும் ஹுல்ட்ஷ் என்னும் அறிஞர் பதிப்பித்தார்.

கல்வெட்டாய்வாளர் ஒரு கல்வெட்டை எவ்வாறு பெயரிட்டு அழைக்கின்றனர் என்பதைக் கவனியுங்கள். ஓர் ஆண்டில் படியெடுத்த கல்வெட்டுகளுக்கு ஒன்று, இரண்டு என எண்ணிடுவர். அடுத்த ஆண்டு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவர். ஆகவே வெறும் எண்ணைச் சொன்னால் போதாது. எண், ஒரு சாய்கோடு, பின்னர் ஆண்டு: மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு கல்வெட்டின் பெயர் முழுமையடையும். கல்வெட்டினுள்ளும் இதே சிக்கல் உண்டு. அரசன் பட்டமேற்ற ஆண்டிலிருந்து கணக்கிட்டு, இன்ன அரசர்க்கு யாண்டு இத்தனையாவது என்று பொறிப்பர். சோழ மன்னர் இராசகேசரி, பரகேசரி என்னும் இரு பட்டங்களை மாறி மாறிப் புனைந்தனர். அரசனின் இயற்பெயரும் மெய்க்கீர்த்தியும் இன்றிப் "பரகேசரி, யாண்டு பத்து" என்று மட்டும் இருந்தால், எந்தப் பரகேசரி என்று அறிஞர்கள் எழுத்தமைதி முதலிய பிற சான்றுகளைக் கொண்டு ஆராய வேண்டியிருக்கிறது. எண் தெளிவாகவே இருக்கிறது. அதைத் தாங்கும் பெயர் போதவில்லை.

இனி நிகழ்காலத்துக்கு வருவோம். எங்கள் ஊரைச் சூழ ஒரகடத்திலும் திருப்பெரும்புதூர் வட்டாரத்திலும் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. விடியுமுன் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் எங்கள் வீதி வழியே போகின்றன. அத்தொழிற்சாலைகளிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு காருக்கும் சேசிஸ் எண் என ஒன்றுண்டு. உலகம் முழுவதற்கும் பொதுவான முறைப்படி அது சரியாகப் பதினேழு குறிகள் கொண்டது. முதல் மூன்று குறிகள் செய்தவர் யாரென்று காட்டும். இறுதிப் பகுதி வரிசை எண்ணைத் தாங்கும். ஐ, ஓ, க்யூ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை அதில் பயன்படுத்துவதே இல்லை. ஒன்று, சுழி என்னும் இலக்கங்களோடு அவை மயங்கும் என்பதனால் விலக்கி வைத்தனர். எழுதும்போதே படிப்பவனை நினைத்துக்கொண்டு செய்த ஏற்பாடு அது.

ஆக, எண் ஏறிய பெயரைப் படிக்க இரு வழிகள் உண்டு. கல்வெட்டெண்ணைப்போல் நடுவே ஒரு பிரிகுறி இட்டுப் படிப்பது ஒன்று. சேசிஸ் எண்ணைப்போல் இத்தனையாம் இடத்தில் இன்னது இருக்கும் என்று நீளத்தை வரையறுத்துப் படிப்பது மற்றொன்று. இரண்டும் இல்லாவிடில் என்ன ஆகும்? முதல் வகுப்பின் 12-ஆம் மாணவனுக்கு, வகுப்பெண்ணையும் வரிசையெண்ணையும் ஒட்டி 112 என்று பெயரிடுகிறீர்கள். பதினோராம் வகுப்பின் இரண்டாம் மாணவனுக்கும் அதே 112 வந்து சேரும். செம்பும் பொன்னும் மயங்கிய அதே மயக்கம்.

இனிச் சி மொழிக்குள் நுழைவோம். இம்மொழியை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி என்பவர் 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கினார். புதிதாகப் பயிலும் மாணவர் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஐயா, மதிப்பெண்1, மதிப்பெண்2, மதிப்பெண்3 என நாற்பது மாறிகள் வைத்திருக்கிறேன். மடக்கு ஒன்றை ஓட்டி, 'மதிப்பெண்' என்னும் சொல்லோடு எண்ணை ஒட்டி, அந்தந்த மாறியை அழைக்கலாகாதா?" என்பர். ஆகாது. மாறியின் பெயர் மூலநிரலைப் படிக்கும் நமக்கும் நிரல்பெயர்ப்பிக்கும் உரியது. நிரல் ஓடும்போது ஒரு சரத்தைக் காட்டி, இப்பெயருள்ள மாறியைக் கொண்டுவா என்று கேட்க மொழியில் வழியில்லை. அவ்விடத்துக்கு உரியது அணி. ஒரே பெயர், நாற்பது இடங்கள், எண்ணைச் சொன்னால் இடம் கிடைக்கும். நிரலுக்குள்ளே அணி இருக்கையில் எண் ஏறிய பெயர் வேண்டுவதில்லை. நிரலுக்கு வெளியே உள்ள கோப்பு, சீட்டு, பதிவேடு ஆகியவற்றோடு பேசும்போதுதான் அது வேண்டும். இந்த வேறுபாட்டை அறிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

அப்படி ஒரு பெயரைக் கட்டுவதற்கு உரிய செயற்கூறு எஸ்-பிரிண்ட்-எஃப். ஒரு வார்ப்பு கொடுக்கிறோம். அதில் எண் வரவேண்டிய இடத்தில் சதவிகிதக் குறியும் டி என்னும் எழுத்தும் இடுகிறோம். செயற்கூறு எண்ணை இலக்கங்களாக்கி அவ்விடத்தில் பொருத்தி, நாம் காட்டும் நினைவக இடத்தில் எழுதிவிடும். சி மொழியில் சரம் என்பது அடுத்தடுத்த பைட்டுகளும், இறுதியில் முடிவைக் காட்டும் ஒரு சுழிப் பைட்டும் ஆகும். இடம் எவ்வளவு என்பதை எஸ்-பிரிண்ட்-எஃப் கேட்பதில்லை. பெயர் நீண்டுவிட்டால் அண்டை வீட்டு நிலத்திலும் எழுதிக்கொண்டே போகும். அளவு பாராமல் எழுதுவதன் தீமையை 1988-ஆம் ஆண்டு நவம்பரில் பரவிய மாரிஸ் புழு உலகறியக் காட்டியது. அது புகுந்த வழிகளுள் ஒன்று, இடத்தின் அளவைக் கேளாமல் வரியை வாங்கிக்கொள்ளும் கெட்ஸ் என்னும் செயற்கூறு. அச்செயற்கூற்றை 2011-ஆம் ஆண்டுத் தரநிலை மொழியிலிருந்தே நீக்கிவிட்டது.

ஆகவே பெயர் கட்டுவதற்கு, 1999-ஆம் ஆண்டுத் தரநிலையில் இடம்பெற்ற எஸ்-என்-பிரிண்ட்-எஃப் என்பதையே கையாளுங்கள். இடத்தின் அளவை அதனிடம் சொல்லிவிட்டால், முடிவுச் சுழியையும் சேர்த்து அந்த அளவுக்குள் நிறுத்திக்கொள்ளும். அன்றியும், முழுப்பெயருக்கு உண்மையில் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதை விடையாகத் திருப்பித் தரும். அந்த விடை நாம் கொடுத்த அளவுக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருந்தால் பெயர் நறுக்குண்டது என்று பொருள். எதிர்ம எண்ணாயிருந்தால் பிழை நேர்ந்தது என்று பொருள். விடையைப் பாராமல் விடுவோர் பலர். நறுக்குண்ட பெயர் நினைவகத்துக்குத் தீங்கு செய்யாது. ஆனால் பொய்ப்பெயர் ஆகிவிடும். மூன்றிலக்க எண்ணில் கடைசி இலக்கம் போனால் 281 என்பது 28 ஆகிவிடுமன்றோ?

தமிழில் பெயரிடுவோர்க்கு ஈண்டு ஒரு தனி எச்சரிக்கை. மணிமங்கலம் என்னும் சொல்லில் நாம் எண்ணுவது ஏழு எழுத்துகள். யூனிக்கோடு முறையில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது பத்துக் குறியீடுகள். இன்று பெரிதும் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டு பிடிக்கும். ஆகவே ஸ்டர்-லென் என்னும் செயற்கூறு இச்சொல்லின் நீளத்தை முப்பது என்றே சொல்லும். அதனோடு ஓர் அடிக்கோடும் மூன்று இலக்கங்களும் முடிவுச் சுழியும் சேர்ந்தால் முப்பத்தைந்து பைட்டு வேண்டும். ஏழெழுத்துதானே என்று பதினாறு பைட்டு ஒதுக்குபவன், சொல்லின் நடுவிலேயே வெட்டுவான்.

அடுத்தது வரிசை. சரங்களை ஒப்பிடும் ஸ்டர்-காம்ப் இடமிருந்து ஒவ்வொரு குறியாகப் பார்க்கும். எண்ணின் மதிப்பை அறியாது. ஆதலின் 'பாடம்10' என்பதைப் 'பாடம்2' என்பதற்கு முன்னே நிறுத்தும். ஒன்று என்னும் குறி இரண்டு என்னும் குறிக்கு முந்தியதன்றோ? இதைத் தீர்க்க இலக்கங்களுக்கு முன்னே சுழியிட்டு நிரப்புவர். சதவிகிதக் குறிக்கும் டிக்கும் இடையே சுழியும் மூன்றும் எழுதினால் 001, 002, 010 என்று ஒரே அகலத்தில் வரும். வரிசையும் சரியாக அமையும். ஆயிரமாவது வந்தால் அகலம் நான்காகிவிடும் என்பதையும் முன்பே நினைக்க வேண்டும்.

வரிசைக்காக முன்னே வைத்த இந்தச் சுழிதான் என்னைத் தலைகுனிய வைத்தது.

நான் பணியிலிருந்த பள்ளி ஒன்றில், ஒரு வகுப்பில் நாற்பது மாணவர் இருந்தனர். ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கோப்பாக மதிப்பெண்களைப் பதிந்தனர். கோப்பின் பெயரில் 001 முதல் 040 வரை எண் இருக்கும். பழைய மாணவர் ஒருவர் அன்பினால் ஒரு நிரல் எழுதித் தந்தார். அது கோப்பின் பெயரிலிருந்து எண்ணைப் பிரித்தெடுத்து, மதிப்பெண்களை அணியில் உரிய இடத்தில் சேர்த்து, முன்னேற்ற அட்டை அச்சிடும். முதல் ஐந்து கோப்புகளைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தேன்; ஐந்தும் சரி. நாற்பதையும் ஓட்டச் சொல்லிக் கையெழுத்திட்டேன். கடைசி எட்டு அட்டைகள் மட்டும் வெறுமையாக வந்தன. அவர்களுடைய மதிப்பெண் இன்னும் பதிவாகவில்லை போலும் என்று தனியே எடுத்து வைத்தோம்.

மறுநாள், வரிசையில் முதல் எண்ணுடைய மாணவி என் அறைக்கு வந்தாள். நன்றாகப் படிக்கும் பெண். தாயார் தொழிற்சாலையில் இரவு முறை வேலை செய்பவர். "ஐயா, இது என் மதிப்பெண் அன்று" என்றாள். அட்டையில் கணக்குப் பாடத்தில் அவள் தவறியிருந்தாள். "கணிப்பொறி பொய் சொல்லாது, அம்மா. அடுத்த தேர்வில் முயன்று படி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒன்றாம் எண்ணைத்தான் நானே சோதித்திருந்தேனே! அன்று மாலை கணக்காசிரியர் அவள் விடைத்தாளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். நான் ஒன்றும் பேச இயலாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேர்ந்தது இதுதான். எண்ணைப் படிக்கும் எஸ்-ஸ்கேன்-எஃப் என்னும் செயற்கூற்றின் வார்ப்பில், டி என்னும் எழுத்துக்குப் பதிலாக ஐ என்னும் ஆங்கில எழுத்து இருந்தது. எழுதும்போது இரண்டும் ஒன்றே. படிக்கும்போது வேறு. டி என்றால் பத்தடிமான முறையில் படிக்கும். ஐ என்றால் எண்ணின் முன்னொட்டைப் பார்த்து எந்த அடிமானம் என்று தானே முடிவு செய்யும். சி மொழியில் முன்னே சுழி வந்தால் அஃது எட்டடிமான எண். அம்முறையில் எட்டு, ஒன்பது என்னும் இலக்கங்களே இல்லை. எனவே 001 முதல் 007 வரை ஒரு குறையுமில்லை. 008 என்பதில் எட்டைக் கண்டதும் நின்றுவிட்டது, கிடைத்தது சுழி. 010 என்பது எட்டாயிற்று. பத்தாம் மாணவனின் மதிப்பெண் எட்டாம் மாணவனுக்குப் போயிற்று. 018, 019 இரண்டும் எட்டையும் ஒன்பதையும் கண்டவிடத்தில் நின்று, ஒன்று என்னும் மதிப்பையே தந்தன. ஆகவே முதலில் சரியாக எழுதப்பட்ட அப்பெண்ணின் மதிப்பெண்மேல், பத்தொன்பதாம் மாணவனுடையது ஏறிவிட்டது. 040 என்பது முப்பத்திரண்டு. ஆதலின் முப்பத்துமூன்று முதல் நாற்பது வரை எட்டு அட்டைகள் வெறுமையாயின. சான்று என் கையிலேயே இருந்தது. நான்தான் அதைத் தனியே எடுத்து வைத்தேன்.

அப்பெண்ணை அழைத்து, வகுப்பினர் முன்னிலையில் என் தவற்றைச் சொன்னேன். நிரல் எழுதியவர் ஓர் எழுத்தைத் தவறவிட்டார்; அதைத் திருத்த ஒரு நிமிடம் ஆயிற்று. நான் தவறவிட்டது வேறு. மெய் சொன்ன ஒரு குழந்தையை நம்பாமல், ஐந்து கோப்புகளை மட்டும் பார்த்துவிட்டு எந்திரத்தை நம்பினேன்.

இப்போது பிரித்துப் படிக்கும் முறையைச் சொல்கிறேன். ஸ்டர்-டு-எல் என்னும் செயற்கூறு இதற்கு ஏற்றது. அதனிடம் மூன்று பொருள் கொடுக்க வேண்டும்: படிக்க வேண்டிய சரம், எங்கே படிப்பை நிறுத்தியது என்று அது குறித்துத் தரும் சுட்டு, எண்ணின் அடிமானம். அடிமானத்தைச் சுழி என்று கொடுத்தால், முன் சொன்ன விபத்தே மீண்டும் நேரும். பத்து என்று வெளிப்படையாகக் கொடுங்கள். நின்ற இடம் தொடங்கிய இடமாகவே இருந்தால், அங்கே எண்ணே இல்லை. நின்ற இடத்தில் நாம் எதிர்பார்த்த பிரிகுறியோ முடிவோ இன்றி வேறொன்று இருந்தால், பெயர் கெட்டுள்ளது. முன்னே வெற்றிடமோ கூட்டல் கழித்தல் குறியோ இருந்தாலும் இச்செயற்கூறு ஏற்றுக்கொள்ளும். ஆகவே முதற்குறி இலக்கந்தானா என்று நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். கிடைத்த எண் ஒன்றுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். எஸ்-ஸ்கேன்-எஃப் கொண்டு படிப்பவர், அது எத்தனை பொருளை நிரப்பியது என்று சொல்லும் விடையை ஒருபோதும் புறக்கணிக்கலாகாது.

ஊர்ப் பெயருக்குள்ளேயே அடிக்கோடு வரக்கூடுமாயின், முதல் அடிக்கோட்டைத் தேடாமல் கடைசி அடிக்கோட்டைத் தேடுங்கள். அதற்கென ஸ்டர்-ஆர்-சிஆர் என்னும் செயற்கூறு உண்டு. பிரிகுறிகளில் சரத்தை உடைக்கும் ஸ்டர்-டாக் என்பதை எண்ணிப் பார்த்தே கையாள வேண்டும். அது மூலச் சரத்தையே மாற்றிவிடும். அடுத்தடுத்து வரும் பிரிகுறிகளை ஒன்றாகவே கொள்ளும். ஊர், எண், ஆண்டு என மூன்று பகுதிகளைச் சாய்கோட்டால் பிரித்து எழுதிய பெயரில் எண் விடுபட்டிருந்தால், ஆண்டு வந்து எண்ணின் இருக்கையில் அமர்ந்துகொள்ளும்.

இத்தனைக்கும் மேலாக ஓர் எளிய சோதனை உண்டு. பிரித்தெடுத்த எண்ணைக் கொண்டு அதே பெயரை மீண்டும் கட்டுங்கள். கட்டியதையும் முதலில் வந்ததையும் ஸ்டர்-காம்ப் கொண்டு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாயின் ஏற்றுக்கொள்ளுங்கள், வேறாயின் நிறுத்திவிடுங்கள். 010 என்பதைப் படித்து எட்டு என்று கொண்ட எங்கள் நிரல், மீண்டும் கட்டியிருந்தால் 008 என்று வந்திருக்கும். பிழை அங்கேயே வெளிப்பட்டிருக்கும். பெருக்கலை வகுத்துச் சரிபார் என்று பல்லாண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதையே என் நிரலுக்குச் செய்ய மறந்தேன். சோதிக்கும்போதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எளியவற்றோடு நில்லாதீர்கள். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினெட்டு, இறுதி எண், அதற்கு அடுத்த எண், எண்ணே இல்லாத பெயர் ஆகியவற்றைக் கொடுத்துப் பாருங்கள்.

மணிமங்கலத்துக் கோயிற் சுவரில் எழுத்துப் பொறித்தவர் தமக்குப்பின் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்துப் படிப்பவரை அறியார். ஆயினும் அரசனின் மெய்க்கீர்த்தியும் பெயரும் யாண்டும் முழுமையாக வெட்டிய இடங்களில் இன்று நமக்கு ஐயம் எழுவதில்லை. நீங்கள் நாளை எழுதும் நிரல் ஒரு மருந்துச் சீட்டின் எண்ணைப் படிக்கலாம். ஒரு வண்டியின் எண்ணைப் படிக்கலாம். ஒரு மாணவியின் தேர்வெண்ணைப் படிக்கலாம். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஓர் ஆள் இருக்கிறார். "இது என்னுடையது அன்று" என்று அவர் வந்து சொன்னால், முதலில் அவரை உட்காரச் சொல்லுங்கள். பிறகு நிரலைத் திறந்து பாருங்கள்.